ஜப்பானின் கீழ் டிவிசன்காரர்கள்

ஹட்டன் அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கும், பக்கத்து மேசைத் தங்கச்சிக்கும்,

ஓய்வு பெற்றவர்கள்தான் பணி அனுபவம் எழுத வேண்டும் என்றால் எனக்கு அந்தத் தகுதி இல்லை. வயது முப்பத்தொன்றுதான் ஆகிறது. ஆனால் ஆறு வருஷம் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளனாக இருந்துவிட்டு, ஆசிரியர் நியமனம் வந்ததும் எழுந்து வந்துவிட்டேன். அந்த மேசையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். இனி அங்கே நான் விடக்கூடிய பிழை ஒன்றும் மிச்சமில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள்: "அண்ணே, நீங்க வச்சிட்டுப் போன சொற்பட்டியல்ல ஒரே ஒரு சொல்லு மட்டும் சிவப்பா இருக்கு. பக்கத்துல பொகவந்தலாவைன்னு எழுதி ஆச்சரியக்குறி போட்டிருக்கீங்க. அது என்னா?"

அது 'ஸன்ரியூ' என்ற சொல். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களின் விசாப் படிவம், பொலிஸ் அறிக்கை, வேலை ஒப்பந்தம், மருத்துவச் சான்றிதழ். நான் படித்த ஜப்பானிய மொழி முழுவதும் அந்தக் காகிதங்களில் இருந்து வந்தது. 'கைரேகை' என்பதற்கு ஜப்பானியச் சொல் தெரியும், 'பட்டாம்பூச்சி' என்பதற்குத் தெரியாது. இது ஒரு குறை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு உறைக்கவே இல்லை.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தர்சினி என்று ஒரு பிள்ளை. இருபது வயது. தோட்டத்துப் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் காவல். அவள் சரிவான மைதானத்தில் பாய்ந்து பாய்ந்து பந்து பிடிப்பதை யாரோ படம்பிடித்து அனுப்ப, அது கைமாறிக் கைமாறி ஜப்பானில் ஒரு சிறு நகரத்துக் கழகத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அந்த நகரத்திலும் தேயிலைதான் விளைகிறது. ஒரு வருஷம் வந்து எங்கள் பெண்கள் அணியோடு பயிற்சி எடுக்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கட்டும் என்று கடிதம் வந்தது. கடிதத்தைத் தமிழாக்கியவன் நான். அழகாகத்தான் செய்திருந்தேன்.

தர்சினியின் அம்மா பார்வதி அக்கா அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "பேப்பர் எல்லாம் நல்லாத்தான் பேசும். ஆளு நேர்ல வந்து பேசட்டும், அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். காரணம் இருந்தது. அவருடைய தம்பி செல்வராஜ் ஏஜென்டு ஒருவரை நம்பி ஜப்பானுக்குப் போய் ஒரு பட்டறையில் வேலை செய்தவர். விசா முடிந்த பிறகும் ஒளிந்து தங்கி, பிடிபட்டு, ஒரு பையோடு திருப்பி அனுப்பப்பட்டவர். இப்போது பொகவந்தலாவை பஜாரில் ஓட்டோ ஓட்டுகிறார். ஊரில் அவருக்குப் பெயர் 'ஜப்பான் செல்வா'. அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அவரும் சிரிப்பார், அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வராது.

அக்கா சரி என்றால் தர்சினி போவாள், இல்லை என்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

கழகம் நிஜமாகவே ஆளை அனுப்பிவிட்டது. வந்தவர் மோரி சான். எழுபது தாண்டியவர். ஒரு காலத்தில் அந்தக் கழகத்தில் விளையாடியவர், பிறகு அணியின் பஸ் ஓட்டியவர், ஜேர்சி துவைத்தவர். இப்போது அவருக்கு ஒரே வேலை, கழகத்தின் வரலாற்றைச் சொல்வது. வீரரோ காவலாளியோ, யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் அவர் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரலாறு கேட்க வேண்டுமாம். வெற்றிகளைக் கடைசியில்தான் சொல்வாராம். "அதற்கு நேரம் அதிகம் தேவைப்படாது" என்று வேனில் வரும்போதே சொல்லிச் சிரித்தார்.

மைதானத்தில்தான் கூட்டம் என்று ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் பிள்ளை மடுவத்துக்குள் புகுந்தோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் என்பதால் உள்ளே இருந்தவை எல்லாம் முழங்கால் உயர நாற்காலிகள். மோரி சான் மறுபேச்சில்லாமல் அதில் ஒன்றில் உட்கார்ந்தார். அந்த இடத்திலேயே அவருக்குப் பாதி மதிப்பெண் கிடைத்துவிட்டது. மீதியில் கொஞ்சத்தை அவர் கொண்டுவந்த பச்சைத் தேயிலை கெடுத்தது. ஊற்றிக் கொடுத்ததும் ஒரு அம்மா கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, சாயமே எறங்கல?" என்றார். அதை நான் "மிகவும் மென்மையான சுவை என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

இந்த மாதிரி பூசி மெழுகுவதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்த காலம் அது.

வரலாறு தொடங்கியது. "எங்க கழகம் ஜப்பான்ல மூணாவது டிவிசன்ல விளையாடுது" என்றேன். தோட்டத்தில் டிவிசன் என்றால் நாம் குடியிருக்கும் பிரிவு. அங்கே கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் கீழ் டிவிசன் லயங்களில், வரிசை வீடுகளில், இருப்பவர்கள். மேல் டிவிசன்காரர்கள் இவர்களை நக்கல் அடித்தே பழகியவர்கள்.

பின்னால் இருந்து ஒரு குரல். "மூணாவதா? அப்ப நம்மள மாதிரி கீழ் டிவிசன்காரங்கதான்!"

"தொரை பங்களா எந்த டிவிசன்ல இருக்குன்னு கேளு தம்பி!"

கேட்டேன். முதலில் டிவிசன் என்றால் இங்கே என்னவென்று விளக்கினேன், பிறகு கேட்டேன். மோரி சான் நெற்றியைத் தேய்த்து யோசித்துவிட்டு, "பங்களாக்கள் எல்லாம் முதலாம் டிவிசனில்தான் இருக்கின்றன. நாங்கள் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறோம்" என்றார். மடுவம் சிரிப்பில் அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவர் ஜப்பான்காரர் இல்லை, பக்கத்துத் தோட்டத்துக் கீழ் டிவிசன்காரர்.

அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய அணி. தொழிற்சாலைக்குப் பின்னால் சரிவில் மைதானம். எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து கீழே தேயிலைச் செடிக்குள்தான் போகும், ஆட்டத்தில் பாதி நேரம் தேடுவதிலேயே கழியும். இதைக் கேட்டு தர்சினியின் அணிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். வெளியூர் அணியோடு முதல் போட்டி, பதினொரு கோல் வாங்கித் தோல்வி. "அந்தப் பதினொன்றையும் விட்டவன் நான்தான்." ஒருமுறை இரண்டாம் டிவிசனுக்கு ஏறினார்கள். தேயிலை ஏற்றும் லொறியில் நின்று நகரத்தைச் சுற்றினார்கள். அடுத்த வருஷமே இறங்கிவிட்டார்கள். "லொறியைத் திருப்பிக் கொடுப்பதற்குள்" என்றார். பிறகு பிரேசிலிலிருந்து இரண்டு வீரர்கள் வந்தது, குளிர் தாங்காமல் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு விளையாடியது.

நான் மிதந்துகொண்டிருந்தேன். சொல் தடையில்லாமல் வருகிறது, சனம் சிரிக்கிறது, பார்வதி அக்கா கூட வாயைச் சேலைத் தலைப்பால் மூடிச் சிரிக்கிறார். இந்த வேலையில் ஆபத்தான நேரம் அதுதான். தடுமாறும்போது நாம் கவனமாக இருக்கிறோம். மிதக்கும்போது இருப்பதில்லை.

மோரி சான் இரண்டு கைகளையும் தூக்கிச் சொன்னார்: "அதற்குப் பிறகு, மூன்று வருஷம் தொடர்ந்து ஸன்ரியூ!"

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் வேலையை ஒப்படைக்கும்போது ஒரு தந்திரம் சொல்லிக்கொடுத்திருந்தார். கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல் வைத்திரு. சந்தேகமான சொல் வந்தால் ஒரு மிடறு குடி, விழுங்கும் நேரத்தில் யோசி, அப்படியும் தெரியாவிட்டால் கேள். போத்தல் கையில்தான் இருந்தது. நான் குடிக்கவில்லை. ஏனென்றால் அந்தச் சொல் எனக்குத் தெரியும். நூறு படிவங்களில் பார்த்திருக்கிறேன். 'சட்டவிரோத ஸன்ரியூ' என்று வரும். விசா முடிந்த பின்னும் நாட்டில் தங்குவது. மோரி சான் 'சட்டவிரோத' என்பதைச் சொல்லவில்லைதான். நாகரிகம் கருதி விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஜப்பான்காரருக்கு ஜப்பானில் எதற்கு விசா என்று மூளை ஒரு கணம் கேட்டது. அந்தப் பிரேசில் வீரர்களாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் மூணு வருஷம் தொடர்ந்து, விசா முடிஞ்ச பின்னாலயும் போகாம தங்கிட்டாங்க" என்றேன்.

மோரி சான் கைகளை இறக்கவில்லை. எல்லோரும் கைதட்டுவார்கள் என்று காத்திருந்தார்.

பார்வதி அக்கா எழுந்துவிட்டார். "தர்சினி, எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

"அம்மா..."

"எந்திரின்னு சொன்னேன். கம்பனியே களவாத் தங்குன கம்பனி. அதையும் கையத் தூக்கிச் சொல்றாரு பாரு."

தர்சினி என்னைப் பார்த்தாள். பெனால்டி அடிக்க வருபவனைப் பார்ப்பது போன்ற பார்வை. "அண்ணே, என்னாத்த சொன்னீங்க?"

மோரி சானோ, நடப்பது புரியாமல், கைதட்டு கிடைக்காத கதையை இன்னும் விளக்கிச் சொன்னால் சரியாகும் என்று நினைத்து வேகமாகத் தொடர்ந்தார். கடைசிப் போட்டி, கடைசி நிமிஷம், கோல், ஸன்ரியூ, மைதானமே அழுதது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோல் அடித்து யாரும் விசாவை மீறுவதில்லை.

பிழை என்று தெரிந்தது. சரியான பொருள் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. இந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் செய்தது வேறு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சின்ன வயதிலிருந்தே லயத்தில் எல்லோருடைய கடிதமும் என்னிடம்தான் வரும். பிரதேச சபைக் கடிதம், வைத்தியர் துண்டு, சிங்களத்தில் வந்த நோட்டீஸ், எல்லாம். தெரியாது என்று சொன்னால் அப்பாவின் முகம் சுருங்கிவிடும் என்று எதற்காவது ஒரு பொருள் சொல்லியே பழகியவன். அந்தப் பழக்கம் அப்போதும் முந்திக்கொண்டது.

"அக்கா, ஒக்காருங்க. சரியா கேக்கல நீங்க. விசாவ முறையா நீட்டிச்சுத்தான் தங்குனாங்களாம்."

கதவோரத்தில் சாய்ந்து நின்ற ஜப்பான் செல்வா வாயைத் திறந்தார். "நீட்டிக்கிறதுக்கு வேற சொல்லு தம்பி. அது கோஷின். இவரு சொன்னது ஸன்ரியூ. ஏர்போட்ல ஆபீசர் என் மொகத்துக்கு நேரா மூணு தரம் வாசிச்ச சொல்லு. அத நான் மறப்பனா?"

"அப்ப இந்தத் தம்பி மூடி மறைக்குதா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"அப்படித்தான் தெரியுது."

தகரக் கூரையில் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. நான் செய்த முதல் பிழை ஒரு சொல். இரண்டாவது பிழையால் என் வாயே செல்லாததாகிவிட்டது. இனி நான் உண்மையைச் சொன்னாலும் அது மூன்றாவது பொய்யாகத்தான் கேட்கும்.

தம்பி, தங்கச்சி, இங்கே ஒரு விஷயம். பிழை விட்டால் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்து நேரத்தைக் கடத்துவோம். நான் முதலில் மோரி சானிடம் சொன்னேன். அவருடைய பெயர்தான் அங்கே கெட்டுப்போயிருந்தது. "உங்கள் சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டேன். கழகம் மூன்று வருஷம் சட்டவிரோதமாகத் தங்கியது என்று இவர்கள் நினைக்கிறார்கள்."

அவர் என்னையே பார்த்தார். "கழகம் முழுவதுமா?"

"ஆமாம்."

"பயிற்சியாளர்கூடவா?"

அடுத்து அவர் சிரித்த சிரிப்பில் அந்தக் குட்டி நாற்காலி கிறீச்சிட்டது. நியாயமாக அவர் கோபப்பட்டிருக்க வேண்டும். சிரித்தது என் அதிர்ஷ்டம், அதை நம்பி நீங்கள் பிழை விடாதீர்கள்.

பிறகு சனத்தின் பக்கம் திரும்பினேன். "நான் பிழையா சொல்லிட்டேங்க. அப்புறம் அத மறைக்கவும் பாத்தேன். ரெண்டும் என் தப்பு, இவரு ஒண்ணும் தப்பா சொல்லல. இனி நான் சொன்னா நம்ப மாட்டீங்க. செல்வா அண்ணே, நீங்களே இங்க வந்து அவருகிட்ட கேளுங்க."

"நானா? என் ஜப்பான் பேச்சு பட்டறைப் பேச்சு தம்பி. ஏச்சுதான் சரளமா வரும்."

"ஏசாம கேளுங்க."

"ஏசாமன்னா நாலு சொல்லுதான் இருக்கு."

"நாலு போதும். போ செல்வா!" என்று பின்னால் இருந்து தள்ளினார்கள்.

நான் என் இடத்தை விட்டு எழுந்து சுவர் ஓரமாகப் போய் நின்றேன். மொழிபெயர்ப்பாளன் மேடையை விட்டு இறங்குவது எங்கள் தொழிலில் தோல்வி என்றுதான் நினைத்திருந்தேன். சந்தேகப்படுகிறவரிடமே சாவியைக் கொடுத்துவிடுவதைவிட வேகமான வழி வேறில்லை என்று அன்றைக்குப் பார்த்தேன்.

செல்வா அண்ணன் மோரி சானுக்கு முன்னால் இன்னொரு குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். விரலை நீட்டி, பட்டறை ஜப்பானியத்தில் கேட்டார்: "நீ. ஸன்ரியூ. பொலிஸ்?"

"பொலிஸ் இல்லை! இல்லை!" மோரி சான் கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, சுவர்ப் பலகையில் பிள்ளைகள் வரைந்திருந்த யானைக்குக் கீழே ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோடுகள் போட்டார். கோடு ஒவ்வொன்றும் ஒரு அணி. கடைசி இரண்டிலிருந்து கீழ்நோக்கி அம்பு. அதற்கு நேர் மேலே உள்ள கோட்டைத் தொட்டு, நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "நாங்கள்." அம்பைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி தங்கள் கோட்டைக் காட்டினார். "ஸன்ரியூ. ஸன்ரியூ. ஸன்ரியூ." மூன்று முறையும் அழுவது போலவும் ஆடுவது போலவும் ஒரு கூத்து.

செல்வா அண்ணன் பலகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சட்டென்று தொடையில் அடித்துக்கொண்டு திரும்பினார்.

"அக்கா, ஒக்காரு! விசா இல்ல. இது பேர் வெட்டுற கத!"

"என்னாடா பேர் வெட்டு?"

"நம்ம செக்ரோல்ல, வேல செய்றவங்க பேர் எழுதுற புத்தகத்துல, பேர் வெட்டுவாங்கல்ல, அது மாதிரி. வருசக் கடைசில ஆகக் கீழ நிக்கிற டீமுக்கு டிவிசன்ல பேர வெட்டிருவாங்க. இவங்க வெட்ட வுடாம மூணு வருசம் தப்பிச்சிருக்காங்க. கடேசி மேட்ச், கடேசி நிமிசம். அதத்தான் மனுசன் கையத் தூக்கிச் சொல்லிருக்காரு. அதே சொல்லுதான், நான் தங்குனது களவு, இவங்க தங்குனது கோல் அடிச்சு."

ஆறு வருஷம் அகராதி புரட்டியும் எனக்கு வந்திருக்காத மொழிபெயர்ப்பு அது. உங்கள் பட்டியலில் சிவப்புச் சொல்லுக்கு எதிரே இரண்டாவது பொருளாக 'பேர் வெட்டப்படாமல் தப்பித்தல்' என்று இருக்கிறதே, அது செல்வராஜ் அண்ணன் தந்தது.

"கீழ் டிவிசன்ல தங்குனதுக்கேவா அழுது ஆடுனாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாண்ணே."

"அப்ப எங்க தாத்தா காலத்துல இருந்து தங்குறோமே, நமக்கு எத்தன கப்பு தரணும்னு கேளு!"

மறுபடி சிரிப்பு. இம்முறை மழைச் சத்தம் கேட்கவில்லை. பார்வதி அக்கா உட்கார்ந்துவிட்டார், ஆனால் சிரிக்கவில்லை. பலகையில் இருந்த அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. நீயே கேளு. இந்தத் தரம் பிழை வுடாம கேளு. இந்த வருசம் பேர வெட்டிட்டாங்கன்னா எம் புள்ளைக்கு என்னா ஆவும்?"

கேட்டேன். மோரி சானின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுச் சொன்னார். "ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த ஒரு வருஷம் இருக்கும், திரும்பி வரும் பயணச் சீட்டும் இருக்கும். நாங்கள் இறங்கிவிட்டால் அதற்குப் பிறகு பெண்கள் அணி இருக்குமா என்று எனக்குத் தெரியாது."

தர்சினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சின்னத் திருப்பம் போதும். 'அப்படி எல்லாம் ஆகாதுங்கறாரு' என்று சொல்லலாம். 'பாத்துக்குவாங்களாம்' என்று சொல்லலாம், அதில் பொய்கூட அதிகமில்லை. அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றே தோன்றியது. இந்த முறை போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன்.

"ஒரு வருசம் உறுதி, திரும்பி வர டிக்கட்டும் உறுதிங்கறாரு. டிவிசன்ல பேர வெட்டிட்டா, அதுக்கப்புறம் பொம்பளப் புள்ளைங்க டீம் இருக்குமான்னு..." நிறுத்தினேன். "அது தனக்குத் தெரியாதுன்னு சொல்றாருங்க."

பார்வதி அக்கா தன் தம்பி செல்வாவைப் பார்த்தார். "தெரியாதுன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா. தெரியாதுன்னுதான் சொன்னாரு. அந்தச் சொல்லு எனக்கு நல்லாத் தெரியும்."

"ஒன்னைய அனுப்புன ஏஜென்டு ஒரு தரமாவது தெரியாதுன்னு சொன்னானாடா?"

செல்வா அண்ணன் யோசித்தார். "அவனுக்கு எல்லாந் தெரியும்க்கா. நான் எங்க படுப்பேன், என்னா சாப்புடுவேன், ஜன்னல்ல என்னா தெரியும், எல்லாஞ் சொன்னான்."

"ஒண்ணாவது நடந்துச்சா?"

"ஜன்னலே இல்ல."

அக்கா சேலைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினார். மோரி சானைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். "பேப்பர எடு புள்ள. கையெழுத்துப் போடு."

எவ்வளவு வேகமாக வரும் பந்தையும் பிடிக்கிற தர்சினியின் கை, என் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எடுத்தது. அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அவரு தெரியாதுன்னு சொன்னது சரி, அது பெரியவங்க சொல்ற சொல்லு. நீ அங்க போயி கோலை வுட்டுட்டு, பந்து எந்தப் பக்கமா வந்துச்சுன்னு தெரியாதுன்னு நின்னேன்னு வையி, அடுத்த பிளேன்ல நான் வருவேன்."

மோரி சான் என்னைப் பார்த்தார். அதை ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.